சாகுல் பாய் நிறுத்திய சுவர்

செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது சாகுல் பாயின் மகன் அன்வரின் போன் வந்தது. "ஆன்ட்டி, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றான். பிளாட்பாரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சாவுச் செய்தி கேட்டும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவரோடு ஒரே கட்டடத்தில் வாழ்ந்த உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும்.

மும்பை மாட்டுங்காவில் நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருடைய தோல்பைக் கடை, அதன் பின்னால் அவர் குடும்பம். இரண்டாம் மாடியில் நாங்கள். ஆபீஸ் போகும் அவசரத்தில் படியிறங்கினால், "தங்கச்சி, பை வாரு பிஞ்சி தொங்குது, வச்சிட்டுப் போங்க" என்று பிடுங்கி வைத்துக்கொள்வார். சாயங்காலம் தைத்துத் தயாராக இருக்கும்.

புது வீடு கட்டித் தருகிறேன் என்று பில்டர் வந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு வாடகை வீட்டுக்குச் சிதறினோம். உள்ளே எல்லாவற்றையும் இடித்தார்கள். தெருவைப் பார்த்த கல்சுவர் மட்டும் நின்றது. அதற்குள் பில்டரின் விளம்பரப் பலகையில் நம் இடத்துக்குக் 'காலி மனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பலகை வைத்த மறுநாள் சுவரை இடிக்க இயந்திரம் வந்தபோது, சாகுல் பாய் அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பழைய சுவர் எதுக்கு, பாய்?" என்று கேட்டேன்.

"அழகுக்கா சொல்லுதேன்? மேல பாருங்க, உங்க ஜன்னல் தெரியுதா? ஜன்னல் இருந்தா வீடு இருந்திச்சி. வீடு இருந்தா ஆள் இருந்திச்சி. இதையும் இடிச்சிட்டா, இங்க யாருமே இல்லன்னு எழுதிருவானுவ."

அவர் எழுந்திருக்கவில்லை. நாமும் போய்ச் சுற்றி நின்றோம். முனிசிபல் ஆபீசுக்கு அலையாய் அலைந்தார். பழைய கட்டடங்களை விரும்பும் படித்த கூட்டம் ஒன்றும் சேர்ந்துகொள்ள, சுவரை இடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இரும்புத் தூண்களை வைத்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் அயோக்கியத்தனம். இடிக்க வந்தவனே அந்தச் சுவரை 'மும்பையின் பாரம்பரியம்' என்று விற்றான். சுவரை ஒட்டிய வீடுகள் பணக்காரர்களுக்கு. நமக்குப் பின்பக்கம், அதுவும் 'அப்புறம்'. விற்பனை தொடங்கிய விழாவில் சாகுல் பாயை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "சாபி கப் மிலேகி?" என்றார். சாவி எப்போது கிடைக்கும்? மைக்கை அணைத்தார்கள். தொண்டை கிழிய மறுபடி கேட்டார். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"இதப் போத்திக்கிட்டு எங்க போயிப் படுக்க?" என்றார் என்னிடம்.

செம்பூரில் அவர் வாடகைக்கு இருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. நெஞ்சுவலி வந்தபின் படியிறங்க முடியவில்லை. நாள் முழுக்கக் கடையில் நின்று ஊரோடு பேசிய மனிதர், கட்டிலில் கிடந்து சீலிங்கைப் பார்த்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் படிகளில் அவரை ஏற்றிவிட்டு மறந்தவர்களைப் பற்றி எந்தச் சான்றிதழிலும் ஒரு வரி இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், அதே சுவரில் பில்டர் ஒரு பேனர் கட்டினான். சாகுல் பாயின் படம். கீழே, 'பாரம்பரியத்தின் காவலருக்கு அஞ்சலி'. இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருப்பதால் வெளியே வர முடியாத சாகுல் பாயின் மனைவி மைமூன் அக்கா எனக்குப் போன் செய்தார். "அவுக மூஞ்சிய அங்கேருந்து எறக்குங்க, தங்கச்சி. இன்னைக்கே."

போனோம். அன்வர் ஏறிக் கயிற்றை அறுத்தான். கம்பெனி ஆள் ஓடிவந்து, மரியாதைக்காகத்தானே கட்டினோம் என்று இந்தியில் குழைந்தான்.

"அவர் காவலர் இல்லை. இந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர். அப்படி எழுது" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷம் ஆபீசில் 'சார், சார்' என்றே பேசிப் பழகிய என் குரல் அது.

சாகுல் பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் குரல்தான். மைமூன் அக்கா இங்கே தன் புது வீட்டுக் கதவைத் தானே திறக்கும் நாள்வரை, அதைத் தணித்துக்கொள்வதாக இல்லை.