மானாவாரித் திராட்சை

சாக்கைப் பிரித்ததும் ஈர வாடையோடு பன்னிரண்டு திராட்சைக் கொம்புகள் கிடந்தன. திராட்சை விளையும் கம்பத்துக்கு லோடு ஏற்றிப்போன அண்ணன் கொண்டுவந்தவை. எங்கள் எம்.ரெட்டியபட்டிக் கரிசலில் திராட்சையா என்று நான் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. திருப்பூர், சூரத் என்று இரண்டு முறை அண்ணன் கிளம்பிப் போனபோதும் வருஷக்கணக்காக வீட்டில் தனியாகக் கிடந்தவர் அவர்தான்.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை. டிவியில் தமிழ் பேசிய பழைய குதிரைப் படம், பெயர் நினைவில்லை. ஐரோப்பாவில் பாஸ்க் என்ற மலைநாட்டு ஜனங்கள் அமெரிக்காவில் குடியேறப் போகிறார்கள். வண்டிகளில் அவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பது ஊரிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் கொடிகளை. நாக்கு வறண்டாலும் கொடிக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் குடிக்கிறார்கள். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பாத்தியாத்தா, எங்க கொண்டுபோயி வச்சாலும் தளுக்கும்" என்றார். மதினி முறத்தோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை ஈரத்தில் பருத்தியை ஊன்றிவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் அண்ணனுக்குத் தெரிந்த விவசாயம். வீட்டுக்குப் பின்னால் கொம்புகளையும் அப்படியே மானாவாரியாக ஊன்றினார். "கரிசலு ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். தண்ணி ஊத்துனா செடி சோம்பேறியாயிரும்" என்று வியாக்கியானம் வேறு. மதினிக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்தார். "இது தளுத்தா இங்கயே இருந்துருறேன். பட்டுப்போச்சுன்னா கம்பத்துக்குக் கிளம்பிர வேண்டியதுதான்."

அந்த வருஷம் குடிதண்ணீரே லாரியில்தான் வந்தது. அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த நான் ஒருநாள் காலையில் போனபோது, அண்ணன் டீக்கடைக்குப் போயிருந்தார். மதினி குடத்தைச் சாய்த்துக் கொம்பு கொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் உதடு வெடித்திருந்தது. "அவுககிட்ட சொல்லிராத தாயி" என்றார். நான் சொல்லவில்லை. அண்ணன் ஊரோடு இருந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

மூன்று கொம்புகள் தளிர்த்தன. அண்ணன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நாள் அந்தத் தளிரையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் பையைக் கட்டிவிட்டார். "சொட்டுத் தண்ணி இல்லாம இங்கயே வந்துருச்சே, தண்ணி ஓடுற ஊருல எப்பிடி வரும்? போட்டுப் பாத்துட்டு வாரேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மதினி அவருக்குக் கட்டுச்சோறு கட்டினார்.

ஆறு வருஷமாகிறது. அண்ணன் கம்பத்தில் யாருடைய தோட்டத்திலோ வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு வந்தாலும் மூன்றாம் நாள் கால் நிற்பதில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பாரோ? மண் கைவிட்டுவிட்டது என்று அப்போதும் கிளம்பியிருப்பாரோ? இந்த யோசனை என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை.

போன வாரம் நான் மதினி வீட்டில் இருந்தபோது அண்ணன் என் போனில் கூப்பிட்டார். "இங்க இம்புட்டுத் தண்ணி பாச்சியும் அப்பிடித் தளுக்கலத்தா. நம்ம மண்ணு மண்ணுதான்" என்றார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். மதினி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"ஆமா, அது அப்பிடிப்பட்ட மண்ணுதான்" என்றார். "நீங்க சாப்பிட்டீகளா?"