முன்னால எழுத்து, பின்னால ரேகை

"ஒத்தப் பக்கமா, ரெண்டு பக்கமுமா?" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். தாளைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு "எது நல்லது?" என்று என்னையே கேட்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல? விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் போகிற பாதையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவன். அதற்கு முன்னால் முப்பது வருஷம் சிவகாசியில் ஆப்செட் மெஷினில் நின்றேன். இடுப்பு போய்விட்டது. நின்று பார்க்கிற வேலை இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலையிலும் வலிக்கத்தான் செய்கிறது, அதை யாரிடம் சொல்ல.

எங்கள் கடை பிரிண்டர் வாங்கினபோது தானாகவே ரெண்டு பக்கமும் அடித்ததாம். நான் வந்து சேர்ந்தபோதே அந்தப் பாகம் உடைந்து கிடந்தது. கடைக்காரரிடம் சொன்னால் "பாத்துருவோம்ணே" என்பார். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கமான மனுஷர்தான், நோன்புக் காலத்தில் கஞ்சி கொண்டுவந்து கையில் கொடுக்காமல் விடமாட்டார், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசைய மாட்டார். அதனால் எல்லாம் கைவேலை. முதலில் முன்பக்கங்களை மட்டும் அடித்து எடுக்க வேண்டும். அப்புறம் அந்தத் தாள்களையே திரும்பத் தட்டில் வைத்துப் பின்பக்கங்களை அடிக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ரெண்டு இடத்தில் கால் வாரிவிடும். எந்த முகம் மேலே என்று பார்க்காமல் வைத்தால் அடித்ததின் மேலேயே அடித்துவிடும். எந்த முனை முதலில் உள்ளே போகிறது என்று பார்க்காமல் வைத்தால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும்.

என் கைக்கு இந்த ரெண்டாவதுதான் வினை. நான் பாதிக் காலம் ஓட்டினது மடக்கு காலண்டர். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும், மேலே படம், கீழே தேதி. மாதம் முடிந்தால் கீழ்த் தாளை மேலே தூக்கிவிட வேண்டும். தூக்கினதும் அதன் முதுகில் இருக்கிற படம் மேலே வந்து நேராக நிற்கணும் என்றால், அடிக்கும்போது அது தலைகீழாகத்தான் அடிபட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை நேராக அடித்துவிட்டேன். போர்மேன் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, முருகன இப்படித் தலைகீழா நிப்பாட்டிட்டயே, நீ வெளங்குவயா" என்று மொத்தப் பேரும் சிரிக்கிற மாதிரி கேட்டார். அதற்கப்புறம் முப்பது வருஷத்தில் அந்தத் தப்பு நடக்கவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

அந்தக் கைதான் போன தீபாவளி சீசனில் வீட்டுக்குள் சண்டையைக் கொண்டுவந்தது.

என் வீட்டுக்காரி ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை பார்த்தாள். சின்னச் சின்ன ரூம்கள், ஒரு ரூமுக்கு நாலு பேர், முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஏதாவது ஒன்று ஆச்சென்றால் எந்தப் பக்கம் முடியுமோ அந்தப் பக்கம் ஓடுவதற்கு. ஆர்டர் கூடக்கூட ரூமுக்கு ஆறு பேராக்கினார்கள். அப்புறம் காலி அட்டைப்பெட்டிக் கட்டுகளை வைக்க இடமில்லை என்று பின்கதவை ஒட்டி அடுக்கி, கதவையும் பூட்டிவிட்டார்கள். அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்காருகிற இடம் இவளுடையது. தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் கம்பெனி வேனில் ஏறினால், வேன் மறைகிற வரைக்கும் வாசலிலேயே பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் வேலையை விடு என்று சொல்ல வேண்டிவரும். வேலையை விடு என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

பொம்பளைகள் சும்மா இருக்கவில்லை. முதல் தடவை மேனேஜரிடமே மனு எழுதிக் கொடுத்தார்கள். மேல் தாளில் எழுத்து, கீழ்த் தாளில் எல்லாருடைய கையெழுத்தும் ரேகையும், ரெண்டையும் சேர்த்து ஒரு பின். கொஞ்ச நாளில் ஆபீசர்கள் பார்வையிட வந்தார்கள். மேனேஜர் அந்தக் கீழ்த் தாளைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பின்னைக் கழற்றி, "எங்களுக்குச் சகல வசதியும் உண்டு, குறை எதுவும் இல்லை" என்று வேறொரு மேல் தாளை வைத்துக் குத்தி, இந்தாங்க சார் என்று நீட்டிவிட்டார். இவர்கள் கையெழுத்தே இவர்களுக்கு எதிராகப் பேசிவிட்டது. கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கே வந்து நின்றாள். எழுதின மனு கையில் இருந்தது. இந்தத் தடவை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் நேராகக் கொடுப்பதாக முடிவு பண்ணியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் அடிச்சுத் தாங்க. முன்னால எழுத்து, பின்னால ரேகை. ஒரே தாளு."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கெதுக்கு இந்த வம்பு? மொத ஆளா ஒன் பேரப் போட்டிருக்க. வேலைய விட்டுத் தூக்குனா என்ன பண்ணுவ?"

"தூக்குனா தூக்கட்டும். தாளப் பிரிக்க முடியாதுல்ல?"

கடைக்காரர் கல்லாவில் இருந்து தலையைத் தூக்கி, "அடிச்சுக் குடுங்கண்ணே, அக்கா கேக்குறாக" என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே டைப் அடித்தேன். முன்பக்கம் விஷயம். பின்பக்கம் இருபத்திரண்டு பேர், ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஒரு கட்டம். முன்பக்கம் அடித்து வந்தது. தாளை எடுத்தேன், திருப்பினேன், தட்டில் வைத்தேன், பின்பக்கம் வந்தது. என் மனசெல்லாம் அந்த மேனேஜர் மேல் இருந்தது. தாளை நான் பார்க்கவே இல்லை. சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொம்பளைகள் எல்லாரும் இருக்கன்குடிக்குப் போனார்கள். கம்பெனி பக்கத்தில் உட்கார்ந்து ரேகை வாங்க முடியாது. பார்க்கிறதற்கும் போய்ச் சொல்கிறதற்கும் ஆள் உண்டு. மாரியம்மன் கோயிலுக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு ஆத்து மணலில் பொங்கல் வைத்து, அடுப்பு பக்கத்தில் வைத்தே ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டு, தெரியாதவர்கள் பெருவிரலை மையில் ஒற்றி வைத்திருக்கிறார்கள். ரெண்டு பேர் பயந்து பின்வாங்கி, அம்மனைப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் வைத்தார்களாம்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம் அவள் எங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து தாளை விரித்தாள். முன்பக்கத்தைப் பார்த்தாள். புஸ்தகத்தைத் திருப்புகிற மாதிரி திருப்பினாள். திரும்ப முன்பக்கம். திரும்பப் பின்பக்கம்.

"பேரெல்லாம் தலைகீழா நிக்குது," என்றாள்.

நான் எழுந்து போய் வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் நின்றது. இருபத்திரண்டு பேரும், எதிரே வைத்த கையெழுத்தும் ரேகையும் தலைகீழாக.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "வேணும்னே செஞ்சீகளா?" என்று மட்டும் கேட்டாள். "இத அங்கன வாங்கமாட்டாகன்னு தெரிஞ்சுதான செஞ்சீக? நேத்துக் கடையிலயே உனக்கெதுக்கு வம்புன்னீகளே."

சத்தியமாக இல்லை. காலண்டர் பழக்கம், கை தானாகத் திருப்பிவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பொம்பளைக்கு என்மேல் அந்தச் சந்தேகம் வருகிற மாதிரித்தான் நான் நடந்திருக்கிறேன். அதுதான் சுருக்கென்று தைத்தது. வேறு தாள் அடித்துத் தருகிறேன் என்றேன். "திரும்ப ரேகை யாரு வைப்பா? ஆத்து மணல்ல வச்ச ரேகை வீட்டு வாசல்ல வருமா? பாதிப் பேரு கதவத் தொறக்க மாட்டாளுக," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நியாயம்தான்.

திங்கக்கிழமை காலையில் அவளோடு நானும் போனேன். கடைக்கு லேட்டாக வருவேன் என்று போனில் சொன்னேன், சரிண்ணே என்றார் கடைக்காரர். வரிசை வெளியே வேப்பமரம் வரைக்கும் இருந்தது. மல்லாங்கிணறு பக்கத்தில் இருந்து கண்மாய்த் தண்ணீருக்காக வந்த வெள்ளாமைச் சம்சாரிகள் ஒரு கூட்டம் எங்களுக்கு முன்னால். இவள் தாளைச் சேலை முந்தானைக்குள் வைத்துப் பிடித்திருந்தாள். எனக்கு நிற்க முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காருங்க என்றுகூட அவள் சொல்லவில்லை.

மனு பதிகிற மேஜையில் ஒரு அம்மா இருந்தார்கள். முன்பக்கம் வாசித்தார்கள். திருப்பினார்கள். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, பின்னாடி தலைகீழா இருக்கு? இப்படிக் குடுத்தா எப்படி? வேற எடுத்துட்டு வாங்க."

இவள் தாளைத் திரும்ப வாங்கவில்லை. பின்னால் வரிசை நெட்டித் தள்ளியது. நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவன் இல்லை. மெஷின் சத்தத்திலேயே காலத்தைத் தள்ளினவன். அன்றைக்கு என்னமோ வாய் வந்தது.

"தப்பு என்னோடதும்மா. நான்தான் அடிச்சேன், நான் காலண்டர் மெஷின்ல இருந்தவன். வேற தாளு கொண்டாந்தா ரேகை இருக்காது. போன தடவ ரெண்டு தாளாக் குடுத்து, மேல் தாள மாத்தி இவுகள ஏமாத்திட்டாக. அதுனாலதான் எழுத்தும் ரேகையும் ஒரே தாள்ல. நீங்க அதப் பக்கவாட்டுல திருப்பாதீங்க. கீழ இருந்து மேல தூக்கிப் பாருங்க."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். தாளின் அடியைப் பிடித்து மேலே தூக்கினார்கள். பேர்கள் நேராக நின்றன. முதல் பேர் இவளுடையது.

"பின்கதவப் பூட்டியா வச்சிருக்காங்க?" என்று இவளைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஆமாம்மா. நான் அதுக்கு முன்னாலதான் உக்காருறேன்."

அந்த அம்மா உடனே நம்பர் போட்டு, ஸ்கேன் பண்ணி, தாளின் மேல் முனையில் ஓட்டை போட்டு டேக் கயிறு கோர்த்து மனுக் கட்டோடு சேர்த்தார்கள். ஒப்புகைச் சீட்டு இவள் கைக்கு வந்தது. வெளியே வந்து டீ குடித்தோம். "வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதோடு எங்கள் சண்டை முடிந்தது.

ரெண்டு வாரம் போல ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே நடந்து வந்தாள். ஆபீசர்கள் வந்தார்களாம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரூம் ரூமாகப் பார்த்தார்களாம். அட்டைப்பெட்டிகளை எடுத்து, பூட்டைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். ரூமுக்கு நாலு பேர்தான் என்று எழுதியும் வாங்கிவிட்டார்களாம்.

"நாலு பேருன்னா மிச்ச ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

"என்னைய எந்திரிக்கச் சொல்லி, இனிமே வர வேண்டாம்னுட்டாக. லிஸ்டுல மொதப் பேரு என்னோடதுல்ல."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனிமேல் காலையில் அந்த வேனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. ரெண்டையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வாளித் தண்ணீரில் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் இருக்கிற சாம்பல் நிறப் பட்டாசு மருந்து எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது. வழக்கமாகப் பாதியிலேயே விட்டுவிடுவாள், நாளைக்கும் ஒட்டத்தானே போகிறது என்று. அன்றைக்கு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள்.

"அம்புட்டு வருசம் அந்த ரூம்ல இருந்தேன்," என்றாள். "கதவத் தொறந்ததும் காத்து அப்படி வருதுங்க. என் எடத்துல இன்னைக்கு வேற ஒருத்தி உக்காந்திருக்கா. சின்னப் புள்ள, இப்பத்தான் கல்யாணமாச்சு. அவ முதுகுல படுது அந்தக் காத்து."