பன்னு கிழவனான கதை

சேலையூர் கேம்ப் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டதும் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து, “தோ... தோ...” என்று கூப்பிடுவேனாம். எனக்கே தெரியாது. போன வாரம் பக்கெட் வாங்க வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

“இன்னா அண்ணா, அங்க பாங்கு சொல்றாங்கோ, நீ இங்க யாரக் கூப்டுகினு கீறே?”

அதற்குள் ஒரு தெரு நாய் நிஜமாகவே வந்து குடங்களுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தது. பிஸ்கட் போட்டேன். “அது பெரிய கதை சார்” என்றேன். அவர் நிற்கவில்லை, பஸ் வந்துவிட்டது. நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயந்தாங்கொள்ளி. இன்றைக்கும் கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவேன். அப்படிப்பட்டவனை, மீசை நன்றாக முளைத்த பிறகும் வேலையில்லாமல் தாம்பரம் ஸ்டேஷனைச் சுற்றுகிறேன் என்று, வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த மாமாவிடம் அனுப்பி வைத்தார்கள். பஜார் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலைந்து கடை, ஒரு சின்னப் பள்ளிவாசல், மேட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு. ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் அந்தக் கடைதான் எனக்கு ஞாபகம் வரும்.

கடையோடு வந்தவன்தான் பன்னு. சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான், பன் போட்டால் வாலாட்டுவான். அதனால் அந்தப் பெயர். கடைப் படியில் படுத்திருப்பான். நல்ல காவல் என்று நான் தைரியமாக இருந்தேன். லைன் வீட்டு சரோஜா அக்கா உப்பு வாங்க வந்தபோது அதைச் சொல்லிவிட்டேன். சிரித்த சிரிப்பில் அவர் தலையில் போட்டிருந்த சாக்கே நழுவி விழுந்துவிட்டது.

“ஏ மெட்ராசு, உங்க ஊர்ல நாய் வீட்டக் காக்கும். இங்க வீடுதான் நாயக் காக்கணும். சிறுத்தைக்கு ஆட்டுக்கறிய விட நாய்க்கறிதான் இஷ்டம், தெரியுமா?”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தூங்கினார்கள். அதுதான் ஆச்சரியம். இறைச்சிக் கடைக் கழிவை ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வீட்டை ஒட்டிப் புதர் வளர விடமாட்டார்கள். இருட்டும்போது நடந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பார்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் தனியாகவே பேசுவார்கள். நான் கடைச் சாமான்களை ஒப்பித்துக்கொண்டு போவேன்: உப்பு, புளி, மிளகா, மல்லி... எல்லாவற்றுக்கும் மேலே, பாங்கு. பள்ளிவாசல் மோதினார் மஃரிப் பாங்கு சொல்லி முடித்ததும் லைன் முழுக்க நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் எழும்பும். மணி, ராஜா, டைகர், ஜிம்மி. மாரியம்மன் படம் மாட்டிய வீடு, மாதா படம் மாட்டிய வீடு, எல்லா வீட்டுக்கும் அதுதான் கணக்கு. ஃபேக்டரி சங்கு இருக்கிறதே என்று கேட்டேன்.

“சங்கு கடிகாரத்தப் பாத்து ஊதுது” என்றார் சரோஜா அக்கா. “மோதினாரு வானத்தப் பாத்துச் சொல்றாரு. சிறுத்தையும் வானத்தத்தான் பாக்குது.”

எங்கள் பாங்குக்கு ஊர் நாய்கள் எல்லாம் உள்ளே போயின. எங்கள் கடை நாய் மட்டும் வெளியே கிடந்தது. கடைக்குப் பின்னால் இரண்டே அறை, இரண்டிலும் தொழுகை. மாமி கொடுமைக்காரி இல்லை. காலையில் முதல் பன்னை அவர்தான் போடுவார், விரல் நுனியால்.

“நாய் எச்சி பட்ட எடத்த நான் எத்தன தடவடா கழுவுறது?” என்பார்.

“பின்கட்டு விறகு ரூம்ல விடலாமே மாமி?”

“அந்த விறகுலதான்டா சோறாக்குறேன்.”

நான் என்ன செய்ய? படியைச் சுற்றிச் சோடாப் பெட்டிகளை அடுக்கினேன். மேலே காலி டின்னை வைத்தேன், உருண்டால் சத்தம் கேட்குமே என்று. காற்றடித்தாலே உருண்டது. “நாய்க்குக் காவல் நீ. உனக்கு யாருடா காவல்?” என்று மாமி உள்ளேயிருந்து கத்துவார்.

ஆடி மழையில் ஒரு நாள் கரண்ட் போனது. மூடுபனியில் எதிர்க் கடையே தெரியவில்லை. பாங்கு காதில் விழவில்லை. ஓடிப் போய் மோதினாரைக் கேட்டேன்.

“சொல்லிட்டேனேப்பா. மைக்குதான் இல்ல” என்றார்.

“அப்ப லைனுக்குக் கேட்டிருக்காதே?”

அவர் முகம் மாறியது. தொழுகை முடித்த கையோடு எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கடை டின்னைத் தட்டிக்கொண்டு பின்னால் போனேன். பன்னு கூடவே வந்தான்.

“பாங்கு ஆச்சு! பாங்கு ஆச்சு! நாய உள்ள விடுங்க!”

கதவுகள் திறந்தன. பேர்கள் கேட்டன. சரோஜா அக்கா தன் ஜிம்மியைக் காதைப் பிடித்து இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். கடைசி வீடும் சாத்தியாயிற்று. இறங்கி வரும்போது வளைவில் பன்னு என் காலோடு ஒட்டிக்கொண்டு முனகினான். தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பாலத்துச் சுவரின் மேல் அது உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தில் இரண்டு கண்.

“குனியாத. ஓடாத” என்றார் மோதினார். அவர் குரலும் நடுங்கியது. “பேசு.”

பன்னுவை இறுக்கிக்கொண்டு, உப்பு, புளி, மிளகா என்று தொண்டை கிழியக் கத்தினேன். மோதினாரும் மல்லி, மஞ்சள் என்று சேர்ந்துகொண்டார். சிறுத்தை எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கடையில் நமக்கு ஒன்றுமில்லை என்பதுபோல எழுந்து தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இந்த ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: சிறுத்தை சண்டைக்கு வருவதில்லை. நாம் அதன் வழியில் இரையை வைக்காமல் இருந்தால் போதும்.

நனைந்த நாயைச் சுமந்துகொண்டு கடை வாசலில் நின்றேன். மாமி என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், பன்னு நடுங்குவதைப் பார்த்தார். அரிக்கேனை எடுத்துக்கொண்டு போய் விறகு அறைக் கதவைத் திறந்தார்.

“விறக ஒரு ஓரமா அடுக்கு. ஈரம் படாம தார்ப்பாய் போடு. அவனுக்குச் சட்டி தனி, சாக்கு தனி. நீதான் கழுவணும். மொதல்ல நீ போய்க் குளி, அந்தச் சட்டையோட உள்ள வந்தே, கால ஒடிச்சிருவேன்.”

மறுநாளிலிருந்து பஜாரிலேயே பெரிய சத்தம் மாமியின் சத்தம்தான். பாங்கு முடிந்ததும் தொழுகைத் துப்பட்டாவோடு பின்கட்டுக்கு வந்து, “பன்னூ!” என்று ஒரு போடு போடுவார். அவன் எங்கிருந்தாலும் வந்து விறகு அறைக்குள் போய்விடுவான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மாமி தொழுகைப் பாயில் நிற்பார்.

வருஷங்கள் ஓடின. பன்னுவுக்குப் பல் எல்லாம் கொட்டியது. கண்ணில் பூ விழுந்தது. டீயில் ஊறவைத்த பன்னைத்தான் கடைசியில் சாப்பிட்டான். ஒரு காலையில் விறகுக்குப் பக்கத்தில், சுருண்டபடி, தூக்கத்திலேயே போய்விட்டான். லைனிலிருந்து சனங்கள் வந்து பார்த்தார்கள். சரோஜா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, “கிழவனாகிச் செத்த நாய இந்த ஊர்ல இப்பதான் பாக்குறேன்” என்றார். அவர் அழுதாரா, பெருமைப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

மாமாவும் மாமியும் மவுத்தாகி, இன்று இரண்டு பேரும் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். லைன் வீடுகளில் கூரை இல்லை. சரோஜா அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாராம். பன்னுவைப் புதைத்த இடத்துச் சவுக்கு மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் உண்ணிச்செடிப் புதர் இடுப்பு உயரம். மரப்பட்டையில் புது நகக் கீறல், ஈரம் இன்னும் காயவில்லை.

கார் டிரைவர் அந்தப் பக்கத்து ஆள். ஹாரன் அடித்தார். “சார், வந்து ஏறுங்க. அது இப்பல்லாம் பகல்லயே நடக்குது.”

“நாய் ஒண்ணையும் காணோமே?” என்று கேட்டேன்.

“ஆளே இல்லாத எடத்துல நாய் எப்படி சார் இருக்கும்?” என்றார்.