பதினெட்டு காட்டும் வண்டி

பெட்ரோல் பங்க்கில் நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஆண்களைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இருக்காது. அதிலும் லோடு வண்டி வைத்திருக்கும் முதலாளிகளைப் பற்றி எனக்குத் துளிகூடக் கிடையாது. செஞ்சியில் திண்டிவனம் போகிற சாலையில் இருக்கும் பங்க்கில் டீசல் பக்கம் எனக்கு வேலை. "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் வீட்டில் சோறு போடும்போதுகூட வாயில் வந்துவிடுகிறது.

பழைய வண்டிகள் இருந்தவரை அவர்கள் விலையைத் திட்டுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், போய்விடுவார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைலேஜ் காட்டுகிற டிஸ்ப்ளே வைத்த பிக்கப் வந்த பிறகு எங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். "வண்டி பதினெட்டு காட்டுது. உங்க பங்க்குல போட்டா அவ்ளோ வரல. இன்னாம்மா அளவு இது?" உடனே நான் ஐந்து லிட்டர் அளவு கேனை எடுத்துப் பிடித்துக் காட்டவேண்டும். கோட்டில் வந்து சரியாக நிற்கும். ஆள் குனிந்து பார்ப்பார், கேனைத் திருப்பிப் பார்ப்பார், அடியில் தட்டிப் பார்ப்பார். அப்புறம் போனை எடுத்து டிஸ்ப்ளேயைப் படம் பிடித்து வைத்திருப்பதை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?"

சொந்தத் தம்பியை நம்பாதவர்கள், எடை மேடையை நம்பாதவர்கள், கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சமாக ஒரு நம்பர் தெரிந்துவிட்டால் போதும், அப்படியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த டப்பா டீசலை அளப்பதே இல்லை. இன்ஜினுக்குள் எவ்வளவு பீச்சியிருப்போம் என்று அதுவாக ஒரு கணக்குப் போடுகிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத் தூரத்தையும் அதுவே முடிவு செய்கிறது. டயர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டால் போகாத தூரத்தையும் போனதாகச் சேர்த்துக்கொள்ளும். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, ஓட்டிவிட்டு வந்து, மறுபடியும் கழுத்துவரை நிரப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதைச் செய்து பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. சண்டை போட மட்டும் நேரம் இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், என் நைனாவின் முதலாளியைத்தான் சொல்வேன். அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், நெல் வியாபாரம். நைனா, அதாவது என் அப்பா, அவருக்கு வெகுகாலமாக வண்டி ஓட்டுகிறார். பழைய வண்டியில் எந்தத் தகராறும் வந்ததில்லை. அதில் டிஸ்ப்ளே இல்லை.

புது பிக்கப் வந்ததும் முதலாளி அதற்கு ஒரு சடங்கே ஏற்படுத்திவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை வண்டியைக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு, குங்குமம் தொட்ட விரலாலேயே டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி மைலேஜைப் பூஜ்யமாக்குவார். அம்மன் பெயரில் புதிதாகத் தொடங்குகிறாராம். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் அவரே ஓட்டி, மேல்மலையனூர் போய் வருவார். பின்னால் ஒரு மூட்டைகூட இருக்காது. திரும்பி வரும்போது டிஸ்ப்ளே பதினெட்டு காட்டும். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பார். அங்காளம்மன் படத்துக்குக் கீழே இந்தப் படம் வரும்.

மறுநாள் காலை அதே வண்டியில் நைனா நெல் ஏற்றுவார். எவ்வளவு ஏற்றலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதற்கு மேல் முதலாளி ஏற்றச் சொல்வார். மார்க்கெட் கமிட்டி வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டபடி அங்குலம் அங்குலமாக நகரவேண்டும். அப்புறம் திண்டிவனத்து ரைஸ் மில்லுக்கு ஓட்டம். நம்பர் நாளுக்கு நாள் இறங்கும். அடுத்த அமாவாசை வருவதற்குள் பதினாலில் வந்து நிற்கும்.

"நான் ஓட்டினா பதினெட்டு. நீ ஓட்டினா பதினாலு. மிச்ச டீசல் எங்கய்யா போவுது?" என்று ஒருநாள் களத்தில் நாலு பேர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"லோடு ஏத்திக்கினு போறேன் மொதலாளி" என்றிருக்கிறார் நைனா.

"லோடு உன் தலைமேலயா இருக்குது? வண்டிதானே சொமக்குது."

இதை நைனா வீட்டில் வந்து சொன்னபோது நான் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. செஞ்சியில் ஒரு டிரைவருக்கு டீசல் திருடன் என்று பெயர் வந்துவிட்டால் பிறகு எவனும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டான். அதுவும் காலனியிலிருந்து போகிற ஆள் என்றால், பெயர் வருவதற்கு முன்னாலேயே நம்பிவிடுவார்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர நைனாவுக்கு வேறு வேலை தெரியாது. அதைவிட, ஒரு சொட்டு எடுத்திராத மனிதரைத் திருடன் என்றதை என்னால் அப்படியே விடமுடியவில்லை.

எனக்கு லீவு கிடைத்த அன்றைக்கு நேராக முதலாளி வீட்டுக்கே போனேன். வாசலில் நிற்கவைத்துத்தான் பேசினார். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"டேங்க்குல இருந்து டீசல உறிஞ்சி எடுத்தா அது இன்ஜினுக்கே போவாது மொதலாளி. இன்ஜினுக்குப் போவாத டீசல டிஸ்ப்ளே எப்படிக் கணக்குல எடுக்கும்? அது பதினாலு காட்டுதுன்னா, டீசல் எரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். திருடியிருந்தா அதுல ஒண்ணுமே தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "பங்க்குல வேலை செஞ்சா வாய் ரொம்ப நீண்டுடுது" என்றார். உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். எந்த டிஸ்ப்ளேயைச் சாட்சியாக வைத்துக் குற்றம் சாட்டினாரோ, அந்தச் சாட்சியே நைனா பக்கம் பேசுகிறது. அது அந்த மண்டையில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் காலனிப் பெண் சொல்லி ஏறியதென்று ஆகிவிடுமே.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை ஊர் மாரியம்மன் கோயிலில் நைனா கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. டேங்க்கை நிரப்பிப் பார்க்கமாட்டாராம், நெல் மூட்டையோடு அவரே ஒரு நடை ஓட்டிப் பார்க்கமாட்டாராம். அம்மன்தான் வந்து மைலேஜ் சொல்லவேண்டுமாம்.

"நீ போவாத நைனா" என்றேன். "நீ ஏன் போய் நிக்கணும்?"

"எடுக்கல இல்ல. அணைக்கறதுல எனக்கு இன்னா?" என்றார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன்.

கோயில் வாசலில் முதலாளியும் அவர் பங்காளிகள் சிலரும் இருந்தார்கள். நாங்கள் நிற்கவேண்டிய இடம் எதுவென்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூசாரி படிக்குக் கீழே ஒரு செங்கல்லில் கற்பூரம் ஏற்றி வைத்தார். நைனா குனிந்து, "ஒரு சொட்டு டீசல் எடுத்திருந்தா என் கண்ணு போவட்டும் தாயே" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எனக்கு அந்த முதலாளியின் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. நைனா ஐம்பது வயது தாண்டிய மனிதர், ஒரு பட்டனும் ஒரு நம்பரும் சேர்ந்து அவரைத் தெருவில் குனியவைத்துவிட்டன.

"சரி, நம்பறேன்" என்றார் முதலாளி, பெரிய மனதோடு. பிறகு தாடையைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க பங்க்குலதான் அளவு கம்மி."

நைனா திருடவில்லை என்று அம்மன் சொல்லிவிட்டாள். டிஸ்ப்ளேயோ பொய் சொல்லாது. மிச்சம் இருப்பது நான்தான். "அந்த டப்பாவையும் கழட்டிக் கொண்டாந்து கற்பூரம் அணைக்கச் சொல்லுங்க" என்றேன். பங்காளிகளில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து துண்டால் வாயை மூடிக்கொண்டார். நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு வண்டி எங்கள் பங்க்குக்கு வரவில்லை, வேறு பங்க்கில் போட்டார்கள். நைனா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு மூன்று அமாவாசை கழிந்திருக்கும். ஒருநாள் முதலாளி தன் பைக்குக்குப் பெட்ரோல் போட வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு டீசல் பக்கம் நடந்துவந்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? பங்க்க மாத்தனேன், உங்கப்பன் கற்பூரம் அணைச்சான், இப்ப தெனம் சாயங்காலம் வண்டி பதினெட்டு காட்டுது. இப்பதான் ஒழுங்கா ஓட்டறான்."

அதே வண்டி, அதே நெல், அதே ரோடு, டயர் மட்டும் இன்னும் தேய்ந்திருந்தது. பதினெட்டு எங்கிருந்து வரும்? புது பங்க்கில் டீசல் முன்னைவிடக் குறைவாக ஆகிறதா என்று கேட்டேன். அதையெல்லாம் யார் பார்ப்பது என்றார். டிஸ்ப்ளேதான் காட்டுகிறதே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மில்லுல மூட்டைய எறக்கிட்டா வண்டி காலி" என்றார். "தீவனூர் பிள்ளையார் கோயில் தாண்டனதும் ஓரங்கட்டி அந்த பட்டன அமுக்கிடுவேன். அங்கிருந்து செஞ்சி வரைக்கும் மெதுவா வந்தா பதினெட்டு வந்துடும். அந்தாளு அதத்தான் பாக்கறான்."

என் வாழ்க்கையில் நைனா ஒருவரை ஏமாற்றி நான் பார்த்ததில்லை. கடையில் சில்லறை கூடுதலாகத் தந்துவிட்டால்கூட மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். ஏமாந்தது அந்த முதலாளிதானே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. உண்மையைச் சொன்னபோது திருடன் என்றார்கள். இப்போது தினமும் பொய்யைக் கொண்டுபோய்க் காட்டுகிறார், நல்ல டிரைவர் என்கிறார்கள்.

நான் சோற்றுக் கரண்டியோடு நிற்பதைப் பார்த்து, அவராகவே சொன்னார்.

"டீசலுக்குத்தான சத்தியம் பண்ணேன். பட்டனுக்குப் பண்ணலியே."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்.