சாரல் அவருக்கு மட்டுமா அடிக்கும்?

என் கணவரின் கை சில்லென்றிருந்தது. இலஞ்சியில் மளிகைக்கடை வைத்திருக்கிற மனுஷர். தென்காசி ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் மத்தியானம் அது. வெளியே குற்றாலச் சீசன் சாரல். அந்த மாதத்தில் எது சில்லிட்டாலும் எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் தேட மாட்டார்கள்.

நாத்தனார் ஜன்னலைச் சாத்தி, இன்னொரு போர்வையும் போர்த்திவிட்டார். "சாரக் காத்துல்லா. நல்லா தூங்குதான், எழுப்பாத."

நானும் நம்பத்தான் செய்தேன். ஆனால் போர்வை வேகவேகமாக ஏறி இறங்கியது. உலுக்கினேன். "கடையச் சாத்தியாச்சா?" என்றார், கண் மறுபடி செருகிவிட்டது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையில் பார்த்த அளவே கிடந்தது.

பக்கத்துக் கட்டில் அண்ணாச்சியிடம் கேட்டு, அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நர்ஸிடம் போனேன். "காலையில பிரஷர் நார்மல்தாம்மா. சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாங்க."

"காலையில உள்ளத எதுக்கு இப்பச் சொல்லுதிய? சாரல் இவுகளுக்கு மட்டுமா அடிக்கி? அண்ணாச்சி கை சூடால்லா இருக்கு."

நாத்தனார் சேலையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, சண்டைக்காரின்னு பேர் வாங்காத."

"வாங்கிட்டுப் போறேன் மதினி."

டூட்டி டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். "ஒரு தடவ தொட்டுப் பாருங்க சார். ஒண்ணுமில்லன்னா என்னைய ஏசுங்க, கேட்டுக்கிடுதேன்."

அவர் ஏசவில்லை. வந்து தொட்டார், பிரஷர் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. செப்சிஸ் (கிருமியை எதிர்க்கப்போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை). உடனே சலைன், ஆன்டிபயாடிக், ஐசியூ (தீவிர சிகிச்சைப் பிரிவு).

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா?" என்று பிறகு அந்த டாக்டரிடம் கேட்டேன்.

"பொறுக்கலல்லா. விடுங்கம்மா."

கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மூச்சு வேகமானாலோ பேச்சு பிசகினாலோ அப்போதே எழுந்து போய்ச் சொல்லுங்கள். கேட்கவில்லையா, அடுத்த ஆளிடம் சொல்லுங்கள். நர்ஸுக்கு ஒரு வார்டே இருக்கிறது. உங்களுக்கு அந்த ஒரு ஆள்தான்.

என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் பழைய உடம்போடு வரவில்லை. மறுபரிசோதனைக்குப் போக பஸ் ஏறும்போது இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் வரை பொறுக்காதவள், இன்று அவர் அடுத்த காலை எடுத்துவைக்கும் வரை பின்னால் நிற்கிறேன்.

பஸ் நிற்கட்டும்.