அண்ணனின் கணக்குக் கொப்பி

கடந்த மாதம் பேராதனையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். விளம்பரப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தது, கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா பின்னேரங்களில் மிளகாய் இடித்துத் தூள் விற்றது, மடிக்கத் தாள் இல்லாத ஒரு நாளில் என் கணக்குக் கொப்பியைக் கிழித்தது, அதற்காக மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரம்படி விழுந்தது. நான் முடிக்குமுன்பே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“மிஸ், இது அந்தத் தூள் அண்ணனோட கதைதானே? நாங்களும் வீடியோவுல பாத்திருக்கோம்.”

இல்லை, இது என் கதை என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். எவனோ ஒருவனின் பிள்ளைப் பருவத்தைத் திருடிக்கொண்டு வேலை கேட்க வந்தவளாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கதையை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

அண்ணன் எனக்கு அண்ணன் முறையில்லை. பிலிமத்தலாவையில் மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கும் முதலாளி. அவருடைய அப்பாவுக்குக் கண்டி நகரத்தில் இரும்புக் கடை இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காரில் போய்க் காரில் வந்தவர். அவரிடம் ஏழு வருடம் வேலை செய்தேன். விளம்பரப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே நானும் ஒரு மேசையும் ஓட்டை விழுந்த ஒரு கதிரையும்தான்.

அந்த மேசையில் இருந்தபடியே நான் கண்ட விளம்பரம் எளிமையானது. வானொலியில் ஒரு சின்ன விளம்பரம். கடைகளுக்குத் தகரப் பலகை. சந்தை நாளில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பெண்கள் இரண்டு பேர் அடுப்பு வைத்து, குழம்பு கூட்டி, பாண் துண்டில் தொட்டுப் போகிறவர் வருகிறவருக்குக் கொடுப்பார்கள். வருடக் கடைசியில் கலண்டர். இந்துக் கடைகளுக்கு லட்சுமி, மற்றவர்களுக்கு மகாவலி ஆறும் மலையும். சாப்பிட்டுப் பார்த்தவன் தூள் வாங்கினான், கலண்டர் வாங்கிய கடைக்காரன் எங்கள் தூளை முன்வரிசையில் வைத்தான். இதில் முதலாளியின் முகம் எங்கேயும் இல்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு விளம்பரக் கம்பனியை அழைத்து வந்தார். இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். முதலாளியின் அறையில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு, சனங்கள் இப்போது பொருளை வாங்குவதில்லை, ஆளைத்தான் வாங்குகிறார்கள் என்றார்கள். வானொலி, தகரப் பலகை, பாண் துண்டு எல்லாம் வீண் செலவு. உங்கள் முகம் இருக்கும்போது விளம்பரத்துக்கு எதற்குப் பணம்? முகத்துக்குச் செலவே இல்லை. முதலாளி அப்படியே பூரித்துப் போனார். செலவே இல்லை என்ற சொல் போதும், அவர் எந்தப் படுகுழியிலும் சிரித்துக்கொண்டே இறங்குவார்.

“சேர், உங்க கதை என்ன?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவரிடம் கதை இல்லை. யோசித்தார், தொண்டையைச் செருமினார், அப்பாவின் இரும்புக் கடையைப் பற்றி ஏதோ தொடங்கினார். பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியே தேத்தண்ணி குடிக்கப் போனபோது அந்தப் பெண் என்னிடம் சும்மா பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், அம்மா என்ன செய்தார் என்று கேட்டாள். நானும் முட்டாள்போல எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாயோடு அம்மா ஒரே ஒரு ஏலக்காய் போட்டு இடிப்பதையும், சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் தூளை மடித்ததையும் சொன்னேன். அவள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அரைமணி நேரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே. ஒங்க அம்மா வேற, எங்க அம்மா வேறயா?” என்றார். வாய் கூசவில்லை அவருக்கு. இனி நான் விளம்பர உத்தியோகத்தர் இல்லை, முகாமையாளர் என்றும் சொன்னார். ஓட்டைக் கதிரை போய்ச் சுழல்கிற கதிரை வந்தது. தலையாட்டிவிட்டேன். இதில் என் தலையில் யாரும் துப்பாக்கி வைக்கவில்லை. அந்தக் கதிரையில் முதல் நாள் இரண்டு தரம் சுற்றியும் பார்த்தேன்.

முதல் வீடியோவை நான்தான் எழுதினேன். அன்றிலிருந்து கமராவுக்கு முன்னால் அவர் “அண்ணன்.” சேர் என்றால் தூள் விற்காது, அண்ணன் என்றால் விற்குமாம். கமரா ஓடும்போது ஆலை முழுவதும் “அண்ணே” என்று கூப்பிட வேண்டும், நின்றதும் “சேர்” ஆகிவிட வேண்டும். ஒரு நாள் பொதி கட்டும் பெண்ணொருத்தி கமரா நின்றது தெரியாமல் அண்ணே என்றுவிட்டாள். அதற்கு அவர் பார்த்த பார்வையை மட்டும் படம் பிடித்து வெளியிட்டிருந்தால் கம்பனி அன்றே மூடியிருக்கும். அவருக்கு வசனம் நிற்காது. நான் கமராவுக்குப் பின்னால் நின்று கையால் காட்டுவேன். கண்ணுக்குக் கீழே விரல் வைத்தால் அழ வேண்டும். நெஞ்சில் கை வைத்தால் அம்மா என்று சொல்ல வேண்டும். அப்படி எனக்குப் பழகிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடியோ ஓடியது. எங்கள் விற்பனைப் பிரதிநிதி மிதித்தேயிராத ஊர்களிலிருந்து கடைக்காரர்கள் தூள் கேட்டுப் போன் எடுத்தார்கள். பைக்கற்றில் சதுரக்கோடு அச்சடித்தோம். சனங்கள் அதைப் பார்த்து உருகினார்கள்.

வீட்டிலும் ஒருத்தி உருகினாள். நானும் அம்மாவும் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட, அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாவம்டி ஒங்க மொதலாளி. அந்த அம்மாவும் எம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கா, பாரு. நம்மளப் போலவே கொப்பியக் கிழிச்சிருக்கா.”

அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. கஷ்டம் எல்லா வீட்டிலும் இருந்தது, எல்லாரும் கையில் கிடைத்த தாளில்தான் மடித்தார்கள், எல்லாப் பிள்ளைகளும் அடி வாங்கின. அப்படிப்பட்ட ஒன்றை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வார் என்பது அவளுடைய புத்திக்கு எட்டவே இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அடி விழுந்த அன்று அம்மா அழுததாக ஞாபகம் இல்லை. மறுநாளுக்கு மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செலவில்லாத முகம் பிறகு பணம் சாப்பிடத் தொடங்கியது. முதலில் கமரா, விளக்கு. பிறகு வெள்ளைச் சட்டைகள், ஏழைபோலத் தெரிய வேண்டும், ஆனால் கசங்கக் கூடாது. தலைக்குச் சாயம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட கைகூப்பி நிற்கும் பெரிய பலகை. எல்லாமே என் விளம்பரச் செலவில். சந்தை நாளில் குழம்பு கூட்டிய பெண்கள் இருவரையும் பொதி கட்டும் பக்கம் அனுப்பியாயிற்று. அந்த வருடம் கலண்டரில் லட்சுமியையும் ஆற்றையும் எடுத்துவிட்டு அண்ணனைப் போட்டோம். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் கடைக்கார நாநா அதை விரித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார்.

“தங்கச்சி, இந்த மனிசன்ட மொகத்த நான் வருசம் முழுக்கப் பாக்கணுமா? ஆத்துப் படம் மிச்சம் ஒண்டும் இல்லியா?”

இல்லை என்றேன். அவர் தூள் பைக்கற்றுகளைப் பின்வரிசைக்கு மாற்றினார். நான் அதை முதலாளியிடம் சொன்னேன். அந்தாளுக்கு ரசனை இல்லை என்று முடித்துவிட்டார்.

சனங்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தவுடன் அண்ணன் தூளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். கல்யாணம் எப்படிக் கட்ட வேண்டும், பிள்ளை எப்படி வளர்க்க வேண்டும், காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும். அவர் எழும்புவது ஒன்பது மணிக்கு. ஒவ்வொரு முறை வாயைத் திறந்து எதையாவது உளறியதும், கோபித்துக்கொண்ட சனங்களுக்குத் தூளை ஞாபகப்படுத்த நாங்கள் பணம் கட்டி விளம்பரம் போட்டோம். பழைய நாளில் தூளை அறிமுகப்படுத்தச் செலவழித்தோம். இப்போது முதலாளியை மறக்கடிக்கச் செலவழித்தோம், அதுவும் முன்பைவிடக் கூடுதலாக.

கடைசியில் ஒரு நாள், நான் எழுதிக் கொடுக்காத வசனமொன்றைச் சொந்தமாகப் பேசினார். “தோட்டத்துப் புள்ளைங்க முன்னேறாததுக்கு சோம்பல்தான் காரணம். நானும் லயத்துல பொறந்தவன்தான். நான் முன்னேறலியா?”

அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. என் அம்மாவின் உழைப்பை எடுத்து அதே அம்மாவின் சனங்களை அடித்தான் மனுசன். தோட்டப்பகுதிக் கடைகள் எல்லாம் தூளைத் திருப்பி அனுப்பின. ஆலை வாசலில் சதுரக்கோட்டுப் பைக்கற்றுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

கொழும்புக் கூட்டம் மறுபடி வந்தது. அம்மாவைக் கொண்டுவருவோம், அம்மா வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்றார்கள். முதலாளி தன் அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா, “எனக்கு ஒலக்க புடிக்கவே தெரியாது, ஆள விடு” என்றாராம். அந்தக் குடும்பத்தில் நான் மதிக்கும் ஒரே ஆள் அவர்தான். உடனே எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

“ஒங்க அம்மாவோட கை மட்டுந்தான் தெரியும். மொகம் வராது” என்றார் முதலாளி. அதற்கு விளம்பரச் செலவில் தனியாக ஒரு தொகையும் ஒதுக்கியிருந்தார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், முதலாளியின் அம்மாவுக்குச் சுகமில்லை, இடிக்கத் தெரிந்த கை வேண்டுமாம் என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். நல்ல சேலையைக் கட்டினாள். தன் கையால் இடித்த தூளில் ஒரு பொட்டலம் அந்த அம்மாவுக்கென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆலையின் பொதி கட்டும் அறையை லயத்துக் குசினியாக மாற்றியிருந்தார்கள். சுவருக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அடுப்புப் புகையில் எங்கள் சுவர் கறுக்க எத்தனையோ வருடம் எடுத்தது, இவர்களுக்கு அரை நாள் போதுமாக இருந்தது. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்து பார்த்தாள். உட்கார்ந்து இடித்தாள். அழகாக இடித்தாள். பிறகு அந்தக் கொழும்புப் பெண் புத்தம் புதிய சதுரக்கோட்டுக் கொப்பியொன்றை நீட்டி, ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னாள்.

அம்மா கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்மா. ஒரு தடவ கிழிச்சு புள்ள அடி வாங்குச்சு. அதுக்கப்புறம் நான் எந்தக் கொப்பியிலயும் கை வச்சதில்ல.”

அண்ணனுக்குக் கமரா ஓடுவது ஞாபகம் இருந்தது. குரலைக் குழைத்துக்கொண்டு, “ஆமாம்மா, அந்த அடிய வாங்கினது நான்தானேம்மா” என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பரிகாசமாக இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். “ஒங்களுக்கு எந்தக் கையில தம்பி அடிச்சாங்க?”

அவருக்குத் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. வசனம் மறந்த போதெல்லாம் செய்வதுபோல் கமராவுக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். எழுதுகிற கை வேண்டும் என்று வாத்தியார் எனக்கு இடது கையில்தான் அடித்தார். நான் நினைத்துச் செய்யவில்லை. பழக்கம். என் இடது கை தானாக மேலே எழுந்தது.

“இடது கையிலம்மா” என்றார் அண்ணன்.

அம்மா அவருடைய கண் போன வழியே திரும்பி என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் கீழே இறங்கவில்லை. அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தாள். பொட்டலம் இருந்த பையைத் தோளில் மாட்டினாள். வாசலுக்கு நடந்தாள். முதலாளி பின்னால் நின்று “என்னாச்சு, என்னாச்சு?” என்று கத்திக்கொண்டிருந்தார். என்ன ஆனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் நான் வேலையை விட்டேன். வேறு யாருடைய கையையோ வைத்து அந்த வீடியோவை எடுத்து முடித்தார்கள்.

அன்று திரும்பும்போது கண்டியில் இறங்கி நானும் அம்மாவும் அடுத்த பஸ் ஏறினோம். நான் மன்னிப்புக் கேட்க நாலைந்து தரம் தொடங்கி நிறுத்தினேன். கதிரை, பதவி என்று எதைச் சொன்னாலும் எனக்கே கேவலமாக இருந்தது. பாலத்தருகே அண்ணனின் பலகை வந்தது. கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்தாள், பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த வீடியோவப் பாத்துட்டு, அந்தப் புள்ள பட்ட கஷ்டத்துக்கு இனியாவது நல்லாருக்கணும்னு மூணு வெள்ளிக்கெழம கோயில்ல வெளக்குப் போட்டேன்டி” என்றாள். “ஒனக்கு ஒண்ணுகூடப் போட்டதில்ல.”