சரிவில் பழகிய கால்பந்து: போடி, குரங்கணியில் இரண்டு நாள்

போடிநாயக்கனூர் என்றால் பலருக்கு மூணாறு போகும் வழியில் டீ குடிக்க நிறுத்தும் ஊர். நானும் பத்து வருடமாக அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். இந்த பிப்ரவரியில்தான் முதல்முறையாக போடிக்கென்றே கிளம்பினேன், ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க.

ஷாஜகான் என் விடுதித் தோழன். மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டில் இவன் ஒருவன்தான் விசில் ஊதப் போனவன். போடிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். “கடைசி மேட்சு மாப்ளே. ஜெயிக்கலைன்னா டீமையே கலைச்சிருவாங்க. வந்துரு” என்றான். ஆறு கல்லூரிகள் மோதும் லீக்கில் நான்கு ஆட்டம் முடிந்திருந்தது. மூன்று டிரா, ஒரு தோல்வி. போட்ட கோல் பூஜ்ஜியம். கடைசி இடத்தில் வரும் அணி அடுத்த வருடம் லீக்கில் கிடையாது. லீக் இல்லாவிட்டால் அணியும் கிடையாது என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. டிரா செய்தாலும் கடைசி இடம்தான். ஜெயித்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை காலை 6.15க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனி வழியாகப் போடி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், 85 ரூபாய். ரயிலும் இருக்கிறது. ஆனால் அதன் நேரத்துக்கு எழுந்துகொள்வதும் எழாததும் உங்கள் பாடு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புரோட்டாவைக் காலையிலேயே போடுகிறார்கள். இரண்டு போதும் என்று நினைத்து நான்கு தின்றேன்.

பயிற்சி மலைமேல் என்றதும் எனக்குப் புரியவில்லை. கல்லூரி மைதானத்தில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிவிட்டார்களாம். பெண்களில் பாதிப் பேருக்கு வீடு குரங்கணியிலும் அதற்கு மேலேயும். சனி, ஞாயிறு அம்மாக்களோடு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். அதனால் ஷாஜகானே பயிற்சியை மேலே கொண்டுபோய்விட்டான். போடியிலிருந்து குரங்கணி 16 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து பங்கு ஜீப்பில் ஆளுக்கு 60 ரூபாய். ஓட்டியவர் பெயர் சுருளி. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதின்மூன்று பேரையும் ஒரு மூட்டை உரத்தையும் ஏற்றிவிட்டு, “சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்துக்கங்க, இன்னொரு லோடு இருக்கு” என்றார். இழுத்துக்கொண்டேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி, தோட்டக்காரர் இரவல் கொடுத்த இடம் அது. மைதானம் என்று சொல்வது மரியாதைக்கு. மூன்று பக்கம் மேடு, நாலாவது பக்கம் சரிவு. பந்து அந்தப் பக்கம் தாண்டினால் ஏலச்செடிகளுக்குள் உருண்டு ஓடை வரை போய்விடும். தாண்டவிட்டவர் இறங்கித் தேடி எடுத்து வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

மதியம் மூன்று மணிக்குக் காய் எடுத்த கையோடு வந்தார்கள். ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனேன். பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. காலுக்குக் கால் அவ்வளவு நறுவிசாகப் போனது. பிறகு அது என் பக்கம் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் சும்மா இருந்திருக்கலாம். ஓங்கி உதைத்தேன். ஸ்டோர் கூரையைத் தாண்டி, சரிவைத் தாண்டி, போயே போய்விட்டது. யாரும் திட்டவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

தேட இறங்கினேன். வழி தெரியாமல் தொலைந்துவிடுவேன் என்று அணித் தலைவி முத்துமாரியும் கூட வந்தாள். மூன்றாம் வருட மாணவி. ஆளுயரச் செடிகளுக்குள் நாற்பது நிமிடம் தேடினோம்.

“வருசம் பூரா இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துல நாலஞ்சு தடவை எறங்கினோம் சார். அப்புறம் யாரும் ஓங்கி அடிக்கிறதில்ல. என் உதை எம்புட்டுத் தூரம் போகும்னே எனக்குத் தெரியாது.”

“நாளைக்கு மேட்சுல அடிப்பியா?”

“அடிக்கணும். தங்கச்சி கலா பிளஸ் டூ முடிக்கப் போகுது. விளையாட்டு சீட்டுன்னா ஃபீசு கெடையாது. அதை நம்பித்தான் அம்மா காலேஜுக்குச் சம்மதிச்சிருக்கு. டீம் இல்லேன்னா அதுவும் காய் எடுக்கத்தான் வரணும்.”

பந்து ஓடைக் கல்லில் சிக்கிக் கிடந்தது. மேலே வந்ததும், ஓங்கி அடிக்கவே பழக்கவில்லையே என்று ஷாஜகானிடம் பொரிந்து தள்ளினேன். அவன் தலையை ஆட்டினான். “தப்பு என்னோடதுதான் மாப்ளே. பந்தைத் தொலைக்காதீங்கன்னு வருசம் பூராச் சொல்லிட்டு, இப்ப ஓங்கி அடின்னா கால் கேக்க மாட்டேங்குது.”

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, போடியில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம். கலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தாள். நம் பெண்கள் எதிரணியைப் பந்தைத் தொடவே விடவில்லை. கோல் வாசல் வரை அழகாகக் கொண்டு போவார்கள். போய், மறுபடி இன்னொருத்திக்குத் தள்ளுவார்கள்.

முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது முத்துமாரிக்குப் பந்து கிடைத்தது. இருபது மீட்டர், முன்னால் யாரும் இல்லை. அடித்தாள். அப்படி ஓர் அடியை அவளே எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பந்து கோல் கம்பத்துக்கு ஒரு முழம் மேலே போய், மதில் சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. நான்கு பெண்கள் கேட்டைத் திறந்துகொண்டு பந்தை எடுக்க ஓடிவிட்டார்கள். முத்துமாரிதான் முதலில். கோட்டுக்கு அருகே மாற்றுப் பந்து தயாராக இருந்தது, யாருக்கும் நினைவில்லை. ஷாஜகான் கத்தினான், நடுவர் விசில் ஊதினார். அவர்கள் பந்தோடு திரும்பி வந்து இடத்தில் நிற்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்.

முத்துமாரி மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கலா அழவில்லை. கோபமாக இருந்தாள். “ரோட்டுக்கு ஓடாம இருந்தா இன்னும் ரெண்டு தடவ அடிச்சிருக்கலாம்” என்று என்னிடம் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குரங்கணிக்கு மேலே நடைப்பயணம் போக வனத்துறை அனுமதி கட்டாயம், வாங்காமல் போகாதீர்கள். கடைசி ஜீப் எப்போது இறங்கும் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள். சுருளிக்கு ஐந்தரை என்றால் ஐந்து இருபதுதான். மேலே செல்போன் எடுக்காது. தங்குவதற்குப் போடியில் 900 ரூபாய் அறை சுத்தமாக இருந்தது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி உண்டு. பிப்ரவரியில் ஒன்றுகூட ஏறவில்லை. ஏலக்காயை ஊரில் கடையில் வாங்குங்கள். தோட்டத்தில் யாரிடமும் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

இதை எழுத மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஷாஜகான் என்ன சொல்வானோ என்று காத்திருந்தேன். நேற்று பேசினான். அணியைக் கலைத்தாகிவிட்டது, கடிதமும் வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை அவனுக்கு போன் வந்திருக்கிறது, மூன்று மணிக்குச் சிலமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு வரச்சொல்லி. தண்ணீர் வற்றிய கண்மாய், பலகை போலச் சமதரை. சுருளி ஜீப்பில் பதினான்கு பெண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கூட்டி வந்தது கலா.

“டீம்தான் இல்லையே, எதுக்கு ஆத்தா வந்தீங்கன்னு கேட்டேன் மாப்ளே” என்றான் ஷாஜகான்.

“என்ன சொன்னா?”

“மொதல்ல கோல் போடப் பழகிக்கிறோம் சார், காலேஜு கிட்ட அப்புறம் பேசிக்கிறோம்னுட்டா.”